ஏறிய தண்ணீர் இறங்கட்டும்: ஃபைபர் படகின் அடிப்பாகத்தைப் பழுது பார்ப்பது

நெரிஞ்சிப்பேட்டைக்கும் பூலாம்பட்டிக்கும் நடுவில் காவிரியைப் பார்த்தால் ஓடுகிற ஆறென்றே தோன்றாது. கதவணையில் தேங்கி, ஏரி மாதிரி அகன்று, அலையில்லாமல் நிற்கும். அந்தக் கரையில் என் சின்ன மாமன் 12 அடி ஃபைபர் படகு ஒன்று வைத்திருக்கிறார். விடிகாலையில் வலை எடுக்கப் போவதற்கு அதுதான். 9 வருடமாகப் படகு தண்ணீரை விட்டு வெளியே வந்த நாட்கள் மிகக் குறைவு.

ஒரு நாள் போனில் சொன்னார்: "கண்ணு, படகு முந்தி மாதிரி இல்ல. கரையேத்தறதுக்கு ரெண்டு ஆளு போதும்னு இருந்துச்சு, இப்ப நாலு ஆளு வேணுங்குது. கவுத்துப் பாத்தா அடியெல்லாம் அம்மை போட்டாப்ல கொப்புளம்."

எடை கூடியதும் கொப்புளம் கிளம்பியதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். ஃபைபருக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அது எப்படி ஏறுகிறது, எப்படி இறக்குவது, அதன் பிறகு எப்படி ஒட்டுவது என்பதை ஃபைபர் வேலையே தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பவானிசாகரிலும் மேட்டூரிலும் ஃபைபர் பரிசல் வைத்திருப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

முதலில் ஃபைபர் என்றால் என்ன என்று பார்ப்போம். பலர் அதை வெறும் பிளாஸ்டிக் என்று நினைக்கிறார்கள். தார்சு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கம்பி, சுற்றிலும் சிமெண்டுக் கலவை. கம்பி இழுவிசையைத் தாங்கும், கலவை கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ஃபைபரில் கம்பியின் இடத்தில் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழை. கலவையின் இடத்தில் இருப்பது ரெசின். இழையைத் துண்டு துண்டாக நறுக்கிப் பாய் போலப் பரப்பியது மேட். தறியில் நெய்த துணி போல இருப்பது ரோவிங். இவற்றை மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொரு அடுக்கிலும் ரெசினை ஊற வைத்து இறுகவிட்டால் படகின் உடம்பு தயார். அதன் வெளிப்பக்கத்தில் சுமார் அரை மில்லிமீட்டர் கனத்தில் வழவழப்பான நிறப்பூச்சு ஒன்று இருக்கும். அதற்கு ஜெல்கோட் என்று பெயர். படகுக்குத் தோல் அதுதான்.

அந்தத் தோல் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. ஜெல்கோட்டில் ஓட்டை எதுவும் இல்லாவிட்டாலும், வருடக்கணக்கில் தண்ணீரிலேயே கிடந்தால், நீர் அணு அணுவாக அதன் ஊடே கசிந்து போகும். வெறும் நீராகவே போய் நின்றிருந்தால் பெரிய கேடு இல்லை. ஆனால் ரெசினுக்குள் முழுதாக இறுகாமல் மிச்சப்பட்ட சில பொருள்கள் இருக்கும். கிளைக்கால் மாதிரியான நீரில் கரையும் சரக்குகள் அவை. உள்ளே போன நீர் அவற்றைக் கரைத்துக் கெட்டியான கரைசலாகிறது. வெளியே இருப்பது தெளிந்த நீர், உள்ளே கெட்டிக் கரைசல், நடுவில் ஒரு மெல்லிய சவ்வு. உலர்திராட்சையைத் தண்ணீரில் போட்டால் என்ன நடக்கும்? உள்ளே இருக்கும் சர்க்கரை, தோல் வழியே தண்ணீரை இழுக்க, திராட்சை உப்பிவிடும். படகின் கொப்புளமும் அதே கணக்குத்தான். அறிவியலில் இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர்.

இதிலிருந்து வருகிற ஒரு விஷயம் நம் பக்கத்து ஆட்களுக்கு முக்கியமானது. உப்புத் தண்ணீர்தான் எதையும் அரிக்கும், ஆற்றுத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் நம்புகிறோம். இரும்பை உப்புத் தண்ணீர்தான் அதிகம் அரிக்கும் என்பது சரி. ஃபைபர் கொப்புளத்தில் நேர் எதிர். கடல் நீரில் ஏற்கெனவே உப்பு கரைந்திருப்பதால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறைவு, இழுவையும் குறைவு. காவிரித் தண்ணீரிலும் பவானித் தண்ணீரிலும் வித்தியாசம் அதிகம் என்பதால் இழுவையும் அதிகம். அதோடு வெதுவெதுப்பான நீரில் இது இன்னும் வேகமாக நடக்கும். கோடையில் தேங்கி நிற்கும் ஆற்று நீர் ஃபைபருக்கு நல்ல இடமில்லை. மாமனிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் நம்பவே இல்லை.

தண்ணீர் ஏறுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. பாறையில் இழுபட்டுத் தேய்ந்த அடிமுதுகு, வளையம் மாட்டப் போட்ட திருகுத் துளை, இன்ஜின் தொங்கும் பின்பலகையின் போல்ட் ஓட்டை, இப்படி ஏதாவது திறந்த வாய் வழியாக நேராகவே போகும். பல படகுகளில் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கும். இரட்டை அடி வைத்த படகில் நடுவே ஃபோம் அடைத்திருப்பார்கள். மரம் ஊறி மக்கும், ஃபோம் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். 40 லிட்டர் உறிஞ்சினால் 40 கிலோ கூடிவிடும். மாமனின் படகுக்கு இரண்டு ஆள் அதிகமாகத் தேவைப்பட்டது இந்த ஃபோமால்தான். கொப்புளத்தில் அடங்கும் நீர் அவ்வளவு எடை வராது.

எங்கே கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சந்தையில் மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதே வேலைதான். படகைக் கவிழ்த்துப் போட்டு, ஐந்து ரூபாய் நாணயத்தாலோ சின்னச் சுத்தியலின் பின்பக்கத்தாலோ ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டண்' என்று கூர்மையாகப் பேசும். அடுக்கு விட்டுப்போன இடமும் ஊறிய இடமும் 'டொப்' என்று அடங்கிப் பேசும். சத்தம் மாறும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். அவசரப்படாமல் அரைமணி நேரம் தட்டினால் காது பழகிவிடும்.

கொப்புளத்தை உடைக்கும் முன் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் இருக்கும், சில சமயம் பீய்ச்சி அடிக்கும். வருகிற திரவம் பிசுபிசுவென்று, காடி போலப் புளித்த வாடையோடு இருந்தால் நான் மேலே சொன்ன கரைசல் அதுதான். வெறும் தண்ணீர் வந்தால், எங்கோ வெடிப்பு வழியாக வந்தது என்று அர்த்தம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொப்புளம் என்றதும் பயந்துபோய் முழுப் படகையும் உரிக்க வேண்டியதில்லை. பழைய படகில் மிளகு அளவில் பத்துப் பதினைந்து கொப்புளம் இருந்தால் படகு முழுகிவிடாது. அவற்றை மட்டும் திறந்து, காயவைத்து, அடைத்தால் போதும். கொப்புளம் ஐந்து ரூபாய் நாணயத்தைத் தாண்டிப் பெரிதாக இருந்தாலோ, அடிப்பகுதி முழுக்கப் பரவியிருந்தாலோ, கட்டைவிரலால் அழுத்தும்போது அடி அமுங்கினாலோதான் இனி சொல்லப்போகும் பெரிய வேலை.

அந்தப் பெரிய வேலையில் முக்கால் பங்கு காயவைப்பது. மேட் ஒட்டுவது கடைசிக் கால் பங்கு. நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்துதான் ஒரு வருடத்தை இழந்தோம். கதவணைப் பராமரிப்புக்காகத் தண்ணீரை வடித்த நேரம் படகைக் கரையேற்றி, கொப்புளத்தைச் சுரண்டி, மூன்று நாள் வெயிலில் போட்டோம். தொட்டுப் பார்த்தால் சுட்டது. சுடுகிற பொருளில் ஈரம் எங்கே இருக்கப் போகிறது என்று அன்றே மேட் ஒட்டி, பெயிண்டும் அடித்துவிட்டோம். அடுத்த ஆடிக்குள் ஒட்டின் ஓரமெல்லாம் மறுபடி உப்பிக்கொண்டது.

காங்கேயம் பக்கம் அப்பாவுக்குத் தேங்காய்க் களம் இருக்கிறது. இதைக் கேட்டதும் அவர் சொன்னார்: "மேலாப்புல காஞ்ச பருப்ப மூட்டை கட்டுனா என்னாகும்? உள்ள பூசணம் புடிக்கும். காய வெச்சேன்னு நீ சொல்லக்கூடாது, காஞ்சுதான்னு அது சொல்லோணும்." பச்சைத் தேங்காய்ப் பருப்பில் கிட்டத்தட்டப் பாதி ஈரம். கொப்பரையாகும்போது அது 6 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். கைச் சூட்டை வைத்து இதை யாரும் முடிவு செய்வதில்லை, பருப்பை ஒடித்துப் பார்க்கிறார்கள். படகுக்கும் அப்படியொரு சோதனை வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்திருந்தோம். கொப்புளத்துக்குள் இருந்த கிளைக்கால் போன்ற சரக்கு வெயிலில் ஆவியாகாது. அது கொதிக்கவே 180 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போக, இந்தச் சரக்கு அங்கேயே தங்கிவிடும். மேலே மூடிப் படகை இறக்கிய மறுநாளே அது மறுபடி நீரை இழுக்கத் தொடங்கும். அதனால் கொப்புளத்தைத் திறந்த பிறகு முதலில் செய்ய வேண்டியது கழுவுவது. காயவைக்க வேண்டிய படகைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதா என்று தோன்றும். ஆனால் நல்ல தண்ணீரால், முடிந்தால் சுடுதண்ணீரால், பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு நாள் காயவிட்டு மறுபடி கழுவ வேண்டும். தொட்டால் பிசுபிசுப்பும், முகர்ந்தால் புளிப்பு வாடையும் போகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இரண்டாம் முறை நாங்கள் பத்து நாளில் ஐந்து தடவை கழுவினோம்.

கழுவி முடித்ததும் காயவைப்பது. கெட்ட இடங்களில் ஜெல்கோட்டைக் கிரைண்டரால் முழுதாக எடுத்துவிட வேண்டும். தோல் இருக்கும்வரை உள்ளீரம் லேசில் வெளியே வராது. படகைக் கவிழ்த்து, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, காற்று அடியிலும் போய்வரும்படி கல் அடுக்கி வையுங்கள். மழை படாமலும் காற்று தடைபடாமலும் மேலே பந்தல் போட்டால் போதும். மாசியும் பங்குனியும் நம் பக்கம் இதற்கு நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

காய்ந்ததா என்று படகே சொல்வதற்கு வழி இருக்கிறது. கண்ணாடி போலத் தெரியும் பாலிதீன் தாளை ஓரடிச் சதுரமாக வெட்டி, உரித்த இடத்தின் மேல் வைத்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் போகாமல் டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் முழுக்க வெயில் படட்டும். தாளின் உட்பக்கம் வேர்த்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. தாளை எடுத்துவிட்டு இன்னும் ஒரு வாரம் விடுங்கள். எங்களுக்கு நான்காவது தாள்தான் வேர்க்காமல் வந்தது. மொத்தம் ஏழு வாரம் ஆகியிருந்தது. மாமன் அத்தனை நாளும் பரிசல் இரவல் வாங்கி வலைக்குப் போனார்.

ஊறிய ஃபோம் மட்டும் எத்தனை வாரம் வைத்தாலும் காயாது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைப்பதே நேர்வழி. மக்கிய பிளைவுட்டும் அப்படித்தான்.

இனி ஒட்டு வேலை. ஓட்டை இருக்கும் இடத்தில் அதே அளவுக்கு மேட்டை வெட்டி வைத்தால் நிற்காது. ஓரத்தைச் சுற்றிலும் சரிவாகத் தேய்த்து, ஆழமில்லாத தட்டுப் போல ஆக்க வேண்டும். கணக்கு 1-க்கு 12. படகின் கனம் 4 மில்லிமீட்டர் என்றால் சரிவின் அகலம் 48 மில்லிமீட்டர், அதாவது ஓட்டையைச் சுற்றி ஏறக்குறைய இரண்டு அங்குலம். பழையதும் புதியதும் கை கோப்பது இந்தச் சரிவில்தான். 36 அல்லது 40 எண் எமரி டிஸ்க்கால் தேய்த்தால் பிடிப்புக்கு வேண்டிய சொரசொரப்பும் கிடைக்கும். தேய்த்தபின் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். கையெண்ணெய் பட்ட இடத்தில்கூட ரெசின் சரியாகப் பிடிக்காது.

தேய்க்கும்போது பறக்கும் தூள் கண்ணாடித் தூள். துண்டைக் கட்டிக்கொண்டு செய்யாதீர்கள். தூசி மாஸ்க், கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை இவை வேண்டும். அரித்தால் சொறியக் கூடாது, குளிர்ந்த தண்ணீரில் கழுவ வேண்டும். வேலையைக் கரையோரம் வைக்காமல் மேடான இடத்தில் தார்ப்பாய் விரித்துச் செய்யுங்கள். அந்தத் தூளும் மிச்ச ரெசினும் காவிரியில் போய்ச் சேரக் கூடாது. அதே தண்ணீரில்தான் மீன் வளர்கிறது, நாம் குளிக்கிறோம்.

ரெசினைப் புரிந்துகொள்ளப் பால் உறை ஊற்றுவதை நினையுங்கள். ரெசின் பால், கேட்டலிஸ்ட் உறைமோர். சிலர் அதை ஹார்டனர் என்று கேட்டு வாங்குவார்கள். பாலியஸ்டர் ரெசினுக்கு எடையில் 1 முதல் 2 சதவீதம், அதாவது ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். வெயில் காலத்தில் தயிர் சீக்கிரம் உறைகிற மாதிரி இதுவும் சீக்கிரம் இறுகும். சூடு 10 டிகிரி கூடினால் கைவசம் இருக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஈரோட்டு வெயிலில் பட்டப்பகலில் கலக்காமல், காலை எட்டு மணிக்குள் நிழலில் வேலையைத் தொடங்குங்கள். சீக்கிரம் இறுகுகிறதே என்று 1 சதவீதத்துக்கும் கீழே குறைக்க வேண்டாம், கடைசிவரை முழுதாக இறுகாது. அரைகுறையாக இறுகிய ரெசின்தான் அடுத்த கொப்புளத்துக்கு விதை. ஒரே நேரத்தில் அரைக் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். டப்பாவில் நிறைய ரெசின் தேங்கினால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும், தீப்பிடிக்கவும் செய்யும்.

கடையில் ஊதா நிறத்தில் ஒரு சின்னப் பாட்டிலும் தரலாம். அது கோபால்ட் ஆக்ஸிலரேட்டர். பெரும்பாலும் ரெசினில் முன்பே கலந்திருப்பார்கள். கலக்கவில்லை என்றால் முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒன்றாக ஊற்றினால் வெடிக்கும். ஒரே கரண்டி, ஒரே அளவுக் கோப்பையைக்கூட இரண்டுக்கும் பயன்படுத்தக் கூடாது. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் அந்த நொடியே கழுவத் தொடங்கி, குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். ரெசின் வாடைக்குக் கரி வைத்த மாஸ்க் வேண்டும். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

மேட் 450 கிராம் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு சதுர மீட்டர் அவ்வளவு எடை என்று பொருள். ரெசினோடு இறுகினால் ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரும். 4 மில்லிமீட்டர் படகுக்கு நான்கு அடுக்கு. மேட்டின் எடையைப் போல இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். துண்டுகளைச் சின்னதிலிருந்து பெரியது வரை படிப்படியாக வெட்டி வைத்துக்கொண்டு பிறகு ரெசினைக் கலக்குங்கள். எதை முதலில் வைப்பது என்பதில் இரண்டு பழக்கம் உண்டு. நான் பெரியதை முதலில் வைக்கிறேன். அப்போது ஒரே முழு அடுக்கு சரிவு மொத்தத்தையும் நேராகப் பிடித்துக்கொள்கிறது.

தேய்த்த இடத்தில் முதலில் ரெசின் பூசி, அதன் மேல் மேட்டை வைத்து, பிரஷால் இழுக்காமல் ஒற்றி ஒற்றி நனையுங்கள். வெள்ளையாக இருக்கும் மேட், ரெசின் ஊறியதும் கண்ணாடி போலத் தெளியும். வெள்ளை மிஞ்சிய இடம் ஊறாத இடம். பிறகு வரி வரியாகப் பள்ளம் வெட்டிய இரும்பு ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக் காற்றை வெளியேற்றுங்கள். உள்ளே மாட்டிய காற்றுக் குமிழி பின்னாளில் தண்ணீர் தங்கும் அறை. அதனால் ரோலர் போடும் நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ரெசினை அதிகமாக ஊற்றினால் பலம் கூடும் என்று நினைக்கவும் வேண்டாம். கம்பி இல்லாத சிமெண்டு போல வெடித்துவிடும்.

எபாக்ஸி ரெசின் நல்லதா, பாலியஸ்டர் ரெசின் நல்லதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பழைய ஃபைபரில் ஒட்டும் பிடிப்பிலும், தண்ணீரைத் தடுப்பதிலும் எபாக்ஸி ஒரு படி மேல். விலையும் அதிகம். அதில் இரண்டு பாகங்களின் அளவு டப்பாவில் போட்டபடியே இருக்க வேண்டும், வெயிலுக்கு ஏற்ப ஹார்டனரைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. சாதாரண மேட் அதற்கு ஒத்துவராது. மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை, பாலியஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில் கரையும், எபாக்ஸியில் கரையாது. எபாக்ஸிக்கு நெய்த துணிதான் வாங்க வேண்டும். இன்னொன்று, பாலியஸ்டர் மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும், எபாக்ஸி மேல் பாலியஸ்டரை நம்ப முடியாது. பாலியஸ்டரே வாங்குவதானால் ஐசோ ரெசின் என்று கேளுங்கள். சாதாரண ரெசினைவிடத் தண்ணீரை நன்றாகத் தாங்கும், விலையில் உள்ள வித்தியாசம் அதற்குத் தகும்.

மாமனின் படகுக்கு ஐசோ ரெசினில் மேட் ஒட்டி, இறுகியபின் தேய்த்துச் சமப்படுத்தி, அடிப்பகுதி முழுவதும் ஜெல்கோட்டுக்குப் பதிலாக எபாக்ஸி பிரைமர் ஐந்து கோட் அடித்தோம். சேர்ந்து கால் மில்லிமீட்டர் கனமாவது வந்தால்தான் அது நீரைத் தடுக்கும் சுவராக இருக்கும். ஒரு கோட் அடித்தால் நிறத்துக்கு மட்டும்தான். அதன் மேல் பெயிண்ட். திருகுத் துளைகளையெல்லாம் எபாக்ஸியால் அடைத்து, மறுபடி சின்னதாகத் துளைத்து மாட்டினோம். அப்போது துளையின் உட்சுவரும் எபாக்ஸியாகவே இருக்கும், தண்ணீர் ஃபைபரைத் தொடாது.

இப்போது வலை போடாத நாட்களில் படகு கரையில்தான் கிடக்கிறது, கவிழ்ந்து, கல்லின் மேல். ஒவ்வொரு முறை கதவணையில் தண்ணீரை வடிக்கும்போதும் மாமன் நாணயத்தோடு உட்கார்ந்து அடிமுதுகிலிருந்து தட்டத் தொடங்குகிறார். போன தடவை பின்பலகைப் பக்கம் ஓரிடத்தில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். "இங்க கொஞ்சம் அடங்கிப் பேசுது பாரு கண்ணு." காதை வைத்துக் கேட்டேன். அவர் சொன்னது சரி. சாக்பீஸை எடுத்து வட்டம் போட்டோம்.